பெரிய எண் ஒன்று பகா எண்ணா: எந்தச் சோதனையைத் தேர்ந்தெடுப்பது?

ஓர் எண்ணைக் கொடுத்து அது பகா எண்ணா, பகு எண்ணா என்று கேட்டால், பள்ளிக் கணக்கில் அதற்கு ஒரே வழிதான் உண்டு: சிறிய எண்களால் வகுத்துப் பார்ப்பது. எண் பத்து இலக்கத்தைத் தாண்டிய பிறகு வழிகள் பெருகுகின்றன. அவற்றில் எதை எடுப்பது என்பதில்தான் குழப்பம் தொடங்குகிறது. நிரலாக்கப் போட்டிக்குத் தயாராகும் மாணவர், குறியாக்க மென்பொருளில் பணிபுரிபவர், எண்களின் இயல்பை ஆராயும் ஆர்வலர் ஆகிய மூவரும் ஒரே கேள்வியைக் கேட்டாலும் மூவருக்கும் ஒரே விடை பொருந்துவதில்லை.

பொதுப்படையாகப் பேசுவதைத் தவிர்க்க, இந்த ஒப்பீட்டில் இயன்றவரை 3215031751 என்ற ஒரே எண்ணைக் கையில் வைத்துக்கொள்வோம். இதில் பத்து இலக்கங்கள் மட்டுமே உள்ளன; இன்றைய கணினிக்கு இது சிறிய எண்தான். ஆயினும், நம்பகமானவை என்று பெயர்பெற்ற சோதனைகளையே தடுமாற வைப்பதால் எண் கோட்பாட்டாளர்களிடையே இது நன்கு அறியப்பட்டது.

## முதலில் அளவுகோல்கள்

நான்கு கேள்விகளுக்கு விடை சொல்லிவிட்டால் தேர்வு பெரும்பாலும் முடிந்துவிடும்.

முதலாவது, விடை எவ்வளவு உறுதியாக இருக்க வேண்டும். "பகு எண்" என்ற விடையைக் கீழே வரும் எல்லாச் சோதனைகளும் ஐயமின்றித் தருகின்றன. "பகா எண்" என்ற விடையில்தான் வேறுபாடு இருக்கிறது.

இரண்டாவது, இலக்கங்கள் கூடக்கூட நேரம் எப்படி வளர்கிறது. பத்து இலக்க எண்ணுக்கு எல்லா வழிகளும் கண்ணிமைக்கும் நேரத்தில் முடிவதால், சிறிய எண்ணில் வேகத்தை அளந்து முடிவெடுப்பது தவறான பாதைக்கு இட்டுச் செல்லும்.

மூன்றாவது, ஆம் அல்லது இல்லை என்பதோடு வேறென்ன கிடைக்கிறது. பகு எண் என்றால் அதன் காரணி வேண்டுமா? பகா எண் என்றால் அதைப் பிறர் சரிபார்த்துக்கொள்ளக் கூடிய சான்றிதழ் வேண்டுமா?

நான்காவது கேள்வியைப் பலரும் கேட்பதே இல்லை: அந்த எண்ணை யார் கொடுத்தார்? நாமே தற்செயலாகத் தேர்ந்தெடுத்த எண்ணுக்கும், நம்மை ஏமாற்றும் நோக்கத்தோடு ஒருவர் உருவாக்கிக் கொடுத்த எண்ணுக்கும் ஒரே சோதனை போதாது.

## வகுத்துப் பார்த்தல்

எண்ணின் வர்க்கமூலம் வரையுள்ள பகா எண்களால் ஒவ்வொன்றாக வகுத்துப் பார்ப்பது இந்த வழி. 3215031751இன் வர்க்கமூலம் ஏறத்தாழ 56,701. அதுவரை ஆறாயிரத்துக்கும் குறைவான பகா எண்களே உள்ளன. உண்மையில் அவ்வளவு தூரம் போக வேண்டியதும் இல்லை. 36ஆவது பகா எண்ணான 151 இதை மீதியின்றி வகுத்துவிடும். தொடர்ந்தால் 151 × 751 × 28351 என்று முழுக் காரணிப்படுத்தலே கிடைத்துவிடும். பின்னால் வரும் நுட்பமான சோதனைகள் தடுமாறுகிற இடத்தில் மிகப் பழைய முறை 36 வகுத்தல்களில் வேலையை முடித்துவிடுகிறது என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

உறுதி, காரணி, எளிமை ஆகிய மூன்றிலும் இதற்கு ஈடில்லை. விலை முழுவதும் நேரத்தில்தான் இருக்கிறது. இரண்டு இலக்கங்கள் கூடினால் வேலை ஏறத்தாழப் பத்து மடங்காகிறது. 20 இலக்கப் பகா எண் ஒன்றை இவ்வழியில் உறுதிசெய்ய 1000 கோடி வரையுள்ள பகா எண்கள், அதாவது ஏறத்தாழ 45.5 கோடி வகுத்தல்கள் தேவைப்படலாம். இன்றைய கணினிக்கு இது இயலும். 40 இலக்கம் என்றால், வினாடிக்கு 100 கோடி வகுத்தல் செய்யும் இயந்திரத்துக்கும் சுமார் 70 ஆண்டுகள் ஆகும்.

எண்ணின் வடிவத்தைப் பயன்படுத்தினால் இந்தச் சுமையைக் குறைக்க முடியும். 2³¹−1, அதாவது 2147483647, பகா எண் என்று ஆய்லர் 1772இல் காட்டியது இப்படித்தான். அதன் பகாக் காரணி எதுவாயினும் 248ஆல் வகுக்கும்போது மீதி 1 அல்லது 63 வர வேண்டும் என்று முதலில் நிறுவியதால், ஆயிரக்கணக்கான வகுத்தல்களுக்குப் பதிலாக நூறுக்கும் குறைவான வகுத்தல்களே அவருக்குப் போதுமானதாயின. ஆனால் கையிலுள்ள எண்ணுக்கு இத்தகைய வடிவம் அமைவது அரிது.

## பெர்மா சோதனை

பெர்மா 1640இல் குறிப்பிட்ட தேற்றம் இதன் அடிப்படை. எண் பகா எண்ணாக இருந்தால், அதனோடு பொதுக் காரணி இல்லாத எந்த அடி எண்ணையும், சோதிக்கும் எண்ணில் ஒன்று குறைத்த அடுக்குக்கு உயர்த்தி, சோதிக்கும் எண்ணாலேயே வகுத்தால் மீதி 1 வர வேண்டும். வரவில்லையென்றால் அது பகு எண். வேகம் மிக அதிகம்: ஆயிரம் பிட் (இரும இலக்க) எண்ணுக்கு ஆயிரத்துச் சொச்சம் வர்க்கமாக்கல்கள் போதும்.

மீதி 1 வந்துவிட்டால் பகா எண் என்று சொல்லிவிட முடியுமா என்பதே சிக்கல். 341 = 11 × 31; ஆனால் அடி எண் 2ஐ வைத்துச் சோதித்தால் 341 தேறிவிடும். அடி எண்ணை மாற்றிப் பார்க்கலாம் என்றால், எந்த அடி எண்ணுக்கும் பிடிபடாத பகு எண்களும் இருக்கின்றன. 561, 1105, 1729 என்று தொடங்கும் இவை கார்மைக்கேல் எண்கள் எனப்படுகின்றன. ராமானுஜனின் பெயரோடு சேர்த்து நாம் அறிந்த அதே 1729தான் இது. இரண்டு கன எண்களின் கூடுதலாக இரு வகையில் எழுதக்கூடியது என்ற புகழுக்குப் பின்னால், அதன் இந்த இன்னொரு இயல்பு அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. 1729 = 7 × 13 × 19; இக்காரணிகளில் ஒன்று குறைத்துக் கிடைக்கும் 6, 12, 18 ஆகிய மூன்றும் 1728ஐ மீதியின்றி வகுக்கின்றன. கோர்செல்ட் 1899இல் தந்த இந்த நிபந்தனையே கார்மைக்கேல் எண்ணின் அடையாளம். இத்தகைய எண்கள் முடிவின்றி உள்ளன என்று 1994இல் ஆல்ஃபோர்டு, கிரான்வில், பொமரன்ஸ் ஆகியோர் நிறுவினர்.

நம் எண்ணும் இதே குடும்பத்தைச் சேர்ந்தது. 150, 750, 28350 ஆகிய மூன்றும் 3215031750ஐ மீதியின்றி வகுக்கின்றன. ஆகவே 151, 751, 28351 ஆகியவற்றின் மடங்காக இல்லாத எந்த அடி எண்ணைக் கொண்டு சோதித்தாலும் பெர்மா சோதனை இதனைப் பகா எண் போலவே காட்டும். ஏறக்குறைய அதே செலவில் மேம்பட்ட சோதனை கிடைக்கும்போது, இறுதி முடிவுக்குப் பெர்மா சோதனையைத் தேர்ந்தெடுக்க எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை. மிகப் பெரிய எண்களை முதற்கட்டமாக வடிகட்ட மட்டும் இது பயன்படுகிறது.

## மில்லர்–ராபின் சோதனை

மில்லர் 1976இலும் ராபின் 1980இலும் வடிவமைத்த இந்தச் சோதனையே இன்று மிகப் பரவலாகப் பயன்படுகிறது. பெர்மா அடுக்கை ஒரேயடியாக எடுக்காமல், அதிலுள்ள 2 என்ற காரணிகளைப் பிரித்துவைத்துப் படிப்படியாக வர்க்கமாக்கிச் செல்வது இதன் உத்தி. பகா எண்ணை வகுத்தியாகக் கொண்டால் 1இன் வர்க்கமூலம் 1 அல்லது −1 ஆக மட்டுமே இருக்க முடியும் (சோதிக்கும் எண்ணைவிட ஒன்று குறைவான மீதியே இங்கு −1). வேறொன்று தென்பட்டால் எண் பகு எண் என்பது உறுதி.

நம் எண்ணில் 3215031750ஐ ஒரு முறைதான் பாதியாக்க முடியும். 1607515875 என்ற ஒற்றைப்படை எண் கிடைத்துவிடுகிறது. ஆகவே அடி எண்ணை இந்த அடுக்குக்கு உயர்த்தி 1 அல்லது −1 வருகிறதா என்று பார்ப்பதே முழுச் சோதனையும். அடி எண் 2 என்றால் மீதி 1 வருகிறது. 3 என்றால் −1. 5 என்றால் 1. 7 என்றால் −1. நான்கும் பகு எண்ணைப் பகா எண் போலக் காட்டிப் பொய்ச்சாட்சி சொல்கின்றன. இந்த நான்கு அடி எண்களையும் ஒருசேரக் கடக்கும் பகு எண்களில் மிகச் சிறியது 3215031751 என்பதே அதன் புகழுக்குக் காரணம்.

இது ஏன் நடக்கிறது என்பதைப் பார்த்தால் சோதனையின் எல்லையும் விளங்கும். மூன்று பகாக் காரணிகளும் 4ஆல் வகுக்கும்போது மீதி 3 தருபவை. ஆகவே எந்த அடி எண்ணை எடுத்தாலும் ஒவ்வொரு காரணியையும் பொறுத்து மீதி 1 அல்லது −1 என்று தனித்தனியே அமைகிறது. மூன்று நாணயங்களைச் சுண்டிவிடுவது போன்றதுதான். மூன்றும் ஒரே பக்கம் விழுந்தால் சோதனை ஏமாறும். எட்டு வாய்ப்புகளில் இரண்டில் அப்படி நிகழும். பொதுக் காரணி இல்லாத அடி எண்களில் மிகச் சரியாகக் கால் பங்கு, அதாவது 79 கோடியே 73 லட்சத்து 43 ஆயிரத்து 750 எண்கள், இவ்விதம் பொய்ச்சாட்சிகளாகின்றன. 9ஐவிடப் பெரிய எந்த ஒற்றைப்படைப் பகு எண்ணுக்கும் பொய்ச்சாட்சிகள் கால் பங்கைத் தாண்டாது என்பது தேற்றம். நம் எண் அந்த உச்ச வரம்பையே தொட்டு நிற்கிறது. அடி எண் 11ஐ எடுத்தால் 151ஐப் பொறுத்து 1, 751ஐப் பொறுத்து −1 என்று மீதிகள் பிரிகின்றன, வேடம் கலைகிறது. கிடைத்த மீதியிலிருந்து ஒன்றைக் கழித்து, நம் எண்ணோடு மீப்பெரு பொது வகுத்தி கண்டால் 151 என்ற காரணியும் கையில் வருகிறது.

இதில் ஒரு மறைவான பள்ளமும் இருக்கிறது. இந்த எண்ணைப் பொறுத்தவரை இரண்டு பொய்ச்சாட்சிகளின் பெருக்கமும் பொய்ச்சாட்சியே. ஆகவே 2 முதல் 10 வரை வரிசையாக ஒன்பது அடி எண்களைச் சோதித்துவிட்டு, பிழை வாய்ப்பு ஒன்பது முறை கால் பங்காகக் குறைந்துவிட்டது என்று மகிழ்ந்தால் அது வீண். அவை அனைத்தும் 2, 3, 5, 7 ஆகியவற்றின் பெருக்கங்கள் என்பதால் ஒன்றுகூட உண்மை பேசாது. சுற்றுக்கு (ஓர் அடி எண்ணைக் கொண்டு ஒருமுறை சோதிப்பதே ஒரு சுற்று) கால் பங்கு என்ற கணக்கு, அடி எண்களைத் தற்செயலாகத் தேர்ந்தெடுக்கும்போது மட்டுமே செல்லும். அப்படித் தேர்ந்தெடுத்தால் 20 சுற்றுகளில் பகு எண் தப்பும் வாய்ப்பு லட்சம் கோடியில் ஒன்றுக்கும் குறைவு.

அடி எண்களை முன்கூட்டியே நிலைநிறுத்துவது எப்போதும் தவறு என்பதில்லை. 4759123141க்குக் குறைந்த எண்களுக்கு 2, 7, 61 ஆகிய மூன்றே போதும் என்று 1993இல் யெஷ்கே காட்டினார். 64 பிட் எண்கள் அனைத்துக்கும் 37 வரையுள்ள முதல் 12 பகா எண்கள் போதும். இந்த எல்லைக்குள் மில்லர்–ராபின் விடை நிகழ்தகவு சார்ந்ததல்ல, முழு உறுதியானது. எல்லையைத் தாண்டிய பிறகும் அதே பட்டியலை நம்புவதில்தான் ஆபத்து இருக்கிறது. 307க்குக் குறைந்த எல்லாப் பகா அடி எண்களையும் ஏமாற்றும் 397 இலக்கப் பகு எண் ஒன்றை ஆர்னோ 1995இல் கட்டமைத்துக் காட்டினார். நான்காம் அளவுகோல் ஏன் தேவை என்பதற்கு இதைவிட நல்ல சான்று இல்லை.

நிரல் எழுதுபவருக்கு இன்னொரு செலவும் உண்டு. குறியுள்ள 32 பிட் மாறியில் 3215031751ஐ வைத்தால் அது −1079935545 ஆகத் தெரியும். 64 பிட் மாறிக்கு மாறினாலும் சிக்கல் தீர்வதில்லை: இடையில் வரும் வர்க்கம் 1.03 × 10¹⁹ வரை போகலாம். குறியுள்ள 64 பிட்டின் உச்சமோ ஏறத்தாழ 9.22 × 10¹⁸. குறியற்ற மாறி அல்லது 128 பிட் பெருக்கல் தேவை. எக்செல் போன்ற விரிதாள்கள் 15 இலக்கங்களுக்கு மேல் துல்லியம் காப்பதில்லை என்பதால் அவற்றில் இந்தச் சோதனையைச் செய்யவே கூடாது. பைத்தான் மொழியில் முழு எண்ணுக்கு வரம்பு இல்லாததால் இந்தத் தொல்லை எழுவதில்லை.

## பெய்லி–பிஎஸ்டபிள்யூ சோதனை

அடி எண் 2ஐக் கொண்டு ஒரு மில்லர்–ராபின் சுற்று, அதன்பின் லூக்கா தொடர்வரிசையை (ஒவ்வோர் உறுப்பும் முந்தைய இரண்டிலிருந்து கிடைக்கும், ஃபிபொனாச்சி போன்ற எண் வரிசை) கொண்டு ஒரு சோதனை என்ற இணைப்பே இது. 1980இல் பெய்லி, பொமரன்ஸ், செல்ஃப்ரிட்ஜ், வாக்ஸ்டாஃப் ஆகியோரின் ஆய்வுகளிலிருந்து உருவானது. முதல் சோதனையில் தப்பும் பகு எண்கள் இரண்டாவதில் சிக்கிக்கொள்கின்றன. 2⁶⁴ வரை இதற்கு ஒரு விதிவிலக்குகூட இல்லை என்று சரிபார்க்கப்பட்டிருக்கிறது. அதற்கு அப்பாலும் ஒன்றையும் இதுவரை எவரும் கண்டதில்லை.

விதிவிலக்கே இல்லை என்ற நிரூபணமும் கிடையாது. முடிவற்ற எண்ணிக்கையில் இருக்கக்கூடும் என்று பொமரன்ஸ் 1984இல் காரணங்களோடு வாதிட்டார். மில்லர்–ராபினில் பிழையின் அளவை ஓர் எண்ணாகச் சொல்ல முடியும். இங்கே அப்படிச் சொல்ல முடியாது, அனுபவத்தை மட்டுமே சொல்ல முடியும். தணிக்கைக்கு உட்பட்ட மென்பொருளில் இது சங்கடமாகலாம். இரண்டையும் சேர்த்துவிடுவது நல்ல தீர்வு. பெரிய எண்களைக் கையாளும் மென்பொருள் நூலகமான ஜிஎம்பியின் அண்மைப் பதிப்புகள் முதலில் இதை நடத்திவிட்டுப் பிறகு மில்லர்–ராபின் சுற்றுகளைச் சேர்த்துக்கொள்கின்றன.

## சிறப்பு வடிவ எண்களுக்கான சோதனைகள்

2இன் அடுக்கில் ஒன்று குறைந்த மெர்சென் எண்களுக்கு லூக்கா–லேமர் சோதனை இருக்கிறது. அதன் விடை முழு நிரூபணம். லூக்கா தம் முறையால் 1876இல் 39 இலக்க எண்ணான 2¹²⁷−1 பகா எண் என்று கையாலேயே காட்டினார். 2024 அக்டோபரில் கண்டறியப்பட்ட, 4,10,24,320 இலக்கங்கள் கொண்ட 2¹³⁶²⁷⁹⁸⁴¹−1 உறுதிசெய்யப்பட்டதும் இதே சோதனையால்தான். எண்ணில் ஒன்றைக் கழித்தால் வருவதன் காரணிகள் தெரிந்திருந்தால் போக்லிங்டன் முறையும் எளிய நிரூபணத்தைத் தரும். வடிவம் பொருந்தினால் வேறெதையும் யோசிக்க வேண்டியதில்லை. பொருந்தாவிட்டால் இந்த வழி திறக்காது.

## முழு நிரூபணம்: நீள்வட்ட வளைவு முறையும் ஏகேஎஸ் முறையும்

எந்த வடிவ எண்ணுக்கும் ஐயத்துக்கு இடமற்ற நிரூபணம் வேண்டுமென்றால் இவ்விரண்டும் முன்வருகின்றன. ஏகேஎஸ் முறையைப் பற்றி நம் நாட்டு வாசகர்கள் நிறையவே கேள்விப்பட்டிருப்பார்கள்: 2002 ஆகஸ்டில் கான்பூர் ஐஐடியில் மணீந்திர அகர்வாலும், அப்போதுதான் பி.டெக். முடித்திருந்த நீரஜ் கயால், நிதின் சக்சேனா ஆகியோரும் வெளியிட்டது. நிகழ்தகவும் வேண்டாம், நிறுவப்படாத ஊகங்களும் வேண்டாம். எந்த எண்ணுக்கும் இலக்க எண்ணிக்கையின் பல்லுறுப்புக் கோவை அளவிலான நேரத்தில் விடை கிடைக்கும் என்பதை முதன்முதலில் நிறுவியது இதுவே. கோட்பாட்டுக் கணினியியலுக்கான கோடல் பரிசு 2006இல் இதற்கு வழங்கப்பட்டது.

அந்தப் பெருமையைப் பார்த்து இதையே தங்கள் நிரலில் எழுதத் தொடங்குபவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குத்தான் இந்தப் பகுதி முதன்மையாகத் தேவைப்படுகிறது. பல்லுறுப்புக் கோவை அளவு என்பது, எண் போதிய அளவு பெரிதாகும்போது வளர்ச்சி கட்டுக்குள் இருக்கும் என்றுதான் சொல்கிறது. கையிலுள்ள எண்ணுக்கு வேகமாக நடக்கும் என்று சொல்லவில்லை. மேம்படுத்தப்பட்ட வடிவத்திலும் நேரம் இலக்க எண்ணிக்கையின் ஏறத்தாழ ஆறாம் அடுக்கில் வளர்கிறது. இலக்கங்கள் இரட்டித்தால் வேலை 64 மடங்கு. நீண்ட பல்லுறுப்புக் கோவைகளை நினைவகத்தில் வைத்திருக்க வேண்டிய சுமை தனி. ஏகேஎஸ் கோட்பாட்டின் மாபெரும் வெற்றி; நடைமுறைத் தேர்வாக அதனைப் பரிந்துரைக்க இயலாது.

நடைமுறையில் அந்த இடத்தை நிரப்புவது நீள்வட்ட வளைவு முறை. கோல்டுவாசர், கிலியன் ஆகியோர் தொடங்கி, ஆட்கின், மொரெயின் ஆகியோர் பயன்பாட்டுக்கு ஏற்றவாறு அமைத்தது இது. 49,081 ஒன்றுகளை வரிசையாக எழுதினால் வரும் எண் பகா எண் என்று 2022இல் நிரூபிக்கப்பட்டது இம்முறையால்தான். இதன் தனிச்சிறப்பு சான்றிதழ்: நிரூபணத்தைக் கண்டுபிடிக்க எவ்வளவு காலமானாலும், அதைப் பிறர் சரிபார்க்க அதில் சிறு பகுதியே ஆகும். விலை, நிரலின் சிக்கல். சொந்தமாக எழுத முயல்வதைவிட பாரி/ஜிபி போன்ற தேர்ந்த மென்பொருளை நாடுவதே மேல்.

## ஒரே பார்வையில்

| வழி | "பகா எண்" என்ற விடையின் உறுதி | ஏற்ற அளவு | மறைவான செலவு |
|---|---|---|---|
| வகுத்துப் பார்த்தல் | முழு உறுதி | 15–20 இலக்கம் வரை | இலக்கம் கூடினால் நேரம் வெடிக்கிறது |
| பெர்மா | பலவீனம் | வடிகட்ட மட்டும் | கார்மைக்கேல் எண்கள் |
| மில்லர்–ராபின் | 64 பிட் வரை முழு உறுதி. அப்பால் அளவிடத்தக்க ஐயம் | ஆயிரக்கணக்கான இலக்கங்கள் | நிலையான அடி எண்கள், மாறிகளின் வரம்பு |
| பெய்லி–பிஎஸ்டபிள்யூ | 64 பிட் வரை முழு உறுதி; அப்பால் அனுபவ உறுதி | ஆயிரக்கணக்கான இலக்கங்கள் | பிழை அளவைச் சொல்ல முடியாது |
| லூக்கா–லேமர் | முழு நிரூபணம் | கோடிக்கணக்கான இலக்கங்கள் | மெர்சென் எண்களுக்கு மட்டும் |
| நீள்வட்ட வளைவு | முழு நிரூபணம், சான்றிதழோடு | பல்லாயிரம் இலக்கங்கள் | சிக்கலான நிரல் |
| ஏகேஎஸ் | முழு நிரூபணம் | கற்பித்தலுக்கு | நேரம், நினைவகம் |

## எந்தச் சூழலுக்கு எது

எண் 64 பிட்டுக்குள் அடங்கினால் தேர்வு எளிது: 12 அடி எண்களோடு மில்லர்–ராபின், அல்லது பெய்லி–பிஎஸ்டபிள்யூ. இரண்டும் பிழையற்றவை, எழுத எளிதானதை எடுத்துக்கொள்ளலாம். ஒரேயொரு எண்தான் என்றால், அல்லது காரணிகளும் வேண்டுமென்றால், வகுத்துப் பார்த்தலே போதும்.

குறியாக்கத் திறவுகோலுக்காக 1024 பிட் பகா எண்களைத் தேடுபவர் நூற்றுக்கணக்கான எண்களைச் சோதித்துத்தான் ஒன்றைக் கண்டெடுக்க முடியும். அந்த அளவில் ஒற்றைப்படை எண்களில் ஏறத்தாழ 355க்கு ஒன்றுதான் பகா எண். ஆகவே முதலில் 1000க்குக் குறைந்த 168 பகா எண்களால் வகுத்துப் பார்க்க வேண்டும். அது மட்டுமே எல்லா எண்களிலும் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்டவற்றைக் கழித்துவிடும், நம் 3215031751உம் அந்த வாயிலிலேயே நின்றுவிடும். மீந்தவற்றுக்குத் தற்செயல் அடி எண்களோடு மில்லர்–ராபின். நாமே தற்செயலாகத் தேர்ந்த எண்ணில் பிழை வாய்ப்பு, கால் பங்குக் கணக்கு காட்டுவதைவிட மிக மிகக் குறைவு என்று 1993இல் டாம்கார்டு, லாண்ட்ராக், பொமரன்ஸ் நிறுவியிருப்பதால், இங்கே சில சுற்றுகளே போதும். பிறர் அனுப்பிய எண்ணைச் சரிபார்ப்பவருக்கு இந்தச் சலுகை கிடையாது: அடி எண்கள் முன்கூட்டி ஊகிக்க முடியாதவையாக இருக்க வேண்டும், சுற்றுகளும் கூட வேண்டும்.

கண்டெடுத்த பகா எண்ணை ஆய்வேட்டிலோ பதிவேட்டிலோ சேர்க்க விரும்புபவர், வடிவம் பொருந்தினால் சிறப்புச் சோதனையையும் இல்லையெனில் நீள்வட்ட வளைவு முறையையும் நாட வேண்டும். எத்தனை சுற்று மில்லர்–ராபின் நடத்தினாலும் அங்கே அது நிரூபணமாக ஏற்கப்படாது.

காரணிகளே தேவை என்பவருக்கு, வகுத்துப் பார்த்தலைத் தவிர இந்தப் பட்டியலிலுள்ள எதுவும் அதற்கெனக் கட்டப்பட்டதல்ல. 2⁶⁷−1 பகு எண் என்று லூக்கா 1876இல் காட்டிவிட்டார். அது 193707721 × 761838257287 என்று கோல் அறிவிக்க 1903 வரை ஆனது. இன்றும் அந்த இடைவெளி மூடப்படவில்லை. 250 இலக்க எண் ஒன்று பகு எண் என்று வினாடிக்கும் குறைவான நேரத்தில் சொல்லிவிடலாம். ஆனால் காரணிப்படுத்தும் சவாலாக வெளியிடப்பட்ட ஆர்எஸ்ஏ-250 என்ற 250 இலக்க எண்ணை இரண்டு காரணிகளாக உடைக்க, பெருங்கணினிகளின் துணையோடு 2020 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அத்தேவை உள்ளவர் நீள்வட்ட வளைவுக் காரணியாக்கம், இருபடிச் சல்லடை, எண்புலச் சல்லடை ஆகியவற்றைத்தான் ஒப்பிட வேண்டும்; அங்கே அளவுகோல்களும் வேறு.